வராத சரக்குக்குப் பாக்கி கேட்டது குறித்த புகார்

மதுரை,
15.09.2025

அனுப்புநர்:
உரிமையாளர்,
சுங்குடிப் புடவை உற்பத்திக் கூடம்,
வில்லாபுரம், மதுரை.

பெறுநர்:
மேலாளர், கணக்குப் பிரிவு,
கோரா துணி ஆலை நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: ரூ.2,41,600 பாக்கி எனக் கோரும் தங்கள் கடிதத்துக்கு மறுப்பும் புகாரும்.

ஐயா,

வணக்கம். ஆறு ஆண்டுகளாகத் தங்களிடம் கோரா துணி, அதாவது வெளுக்காத, சாயமேற்றாத துணி வாங்கி வருகிறோம். பணத்துக்காக எங்கள் வாசலில் ஆள் வந்து நின்றதில்லை. அப்படியிருக்க, இரண்டு பில்களுக்கு ரூ.2,41,600 பாக்கி இருப்பதாகவும், 24 சதவீத வட்டியுடன் பதினைந்து நாளில் கட்டாவிட்டால் வழக்குத் தொடரப்படும் என்றும் தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆதாரமாக இணைத்திருப்பது லெட்ஜரின் ஒரு பக்க நகலும் ஒரு டெலிவரி சலான் நகலும் மட்டுமே.

முதல் பில் ரூ.1,38,400. அந்தச் சரக்கு எங்களுக்கு வரவே இல்லை. சலானில் உள்ள தேதி 12.05.2025, அதாவது கள்ளழகர் வைகையில் எழுந்தருளிய நாள். அன்று எங்கள் குடோன் பூட்டிக் கிடந்தது. சுமை இறக்கும் ஆட்கள் முதல் நாள் இரவே ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். அப்படியானால் நான்கு பேல் துணியை அன்று இறக்கியது யார், எண்ணி வாங்கியது யார்? சலானில் உள்ள முத்திரையில் எங்கள் பழைய காமராசர் சாலை முகவரி இருக்கிறது. அந்த இடத்தை 2022 இல் காலி செய்தபோதே அந்த முத்திரையையும் நிறுத்திவிட்டோம். கையெழுத்து என்று இருப்பது பெயரில்லாத ஒரு சுழி. யாரோ வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இதை வைத்து எங்களைக் கடனாளி என்று சொல்ல முடியாது.

ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் அனுப்புவதற்கும் இ-வே பில், அதாவது சரக்கைக் கொண்டு செல்வதற்கான மின்னணுச் சீட்டு, வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும். அதன் எண்ணும் இல்லை, லாரி ரசீதும் இல்லை. இந்த பில்லைத் தங்கள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கில் ஏற்றியிருந்தால், எங்கள் கொள்முதலைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் தெரிந்திருக்கும். மே மாதம் தொடங்கி மாதம் மாதமாகப் பார்த்துவிட்டோம், எதிலும் இல்லை.

இரண்டாவது பில் ரூ.1,03,200. சரக்கு வந்தது, நன்றாகவும் இருந்தது. முப்பது நாள் கெடு தாண்டிச் சில நாள் கழித்தே பணம் கட்டினோம். அது எங்கள் தவறுதான். ஆனால் பில் எண்ணைக் குறிப்பிட்டு நெஃப்ட் மூலம் முழுத் தொகையையும் அனுப்பி, அன்றே தங்கள் கணக்காளருக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்தோம். அவரும் 'வந்தது' என்று பதில் போட்டிருக்கிறார். அந்தத் தொகையைத் தங்கள் லெட்ஜர் 2023 ஆம் ஆண்டின் வட்டி என்று வரவு வைத்திருக்கிறது. எந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்த பணத்தை ஏற்றுக்கொண்டவர், அந்தக் கடனுக்கே வரவு வைக்க வேண்டும் என்று 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59 ஆவது பிரிவு கூறுகிறது. நாம் இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வட்டி பற்றி ஒரு வரிகூட இல்லை.

பாக்கி உண்டு என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பது மட்டும் ஒருவர் மீது பொறுப்பைச் சுமத்தப் போதாது என்பது, பழைய சாட்சியச் சட்டத்தின் 34 ஆவது பிரிவிலும், இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 28 ஆவது பிரிவிலும் உள்ளது.

இதையெல்லாம்விட மனதை வருத்தியது வேறொன்று. தங்கள் விற்பனைப் பிரதிநிதி விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் எங்களைப் 'பணம் கட்டாத பார்ட்டி' என்று சொல்லியிருக்கிறார். தீபாவளிக்கு இருநூறு புடவை கேட்டிருந்த கடைக்காரர் ஒருவர், ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். பதினோரு பேர் சுங்குடிச் சாயத்துக்காகத் துணியில் முடிச்சுப் போட்டுப் பிழைக்கும் இடம் இது.

ஆகவே, முதல் பில்லுக்கான மூலச் சலான், லாரி ரசீது, இ-வே பில் ஆகியவற்றைப் பத்து நாட்களுக்குள் காட்டுங்கள். இல்லையேல் அந்த பில்லை ரத்து செய்யுங்கள். இரண்டாவது பில் தீர்ந்தது என லெட்ஜரைத் திருத்தி, பாக்கி இல்லை என்று எழுத்தில் தாருங்கள். அதே செய்தியை அந்தப் பிரதிநிதி, தாம் பேசிய கடைகளுக்கு நேரில் சென்று சொல்ல வேண்டும். எங்கள் சரக்கு வரவுப் பதிவேட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் தங்கள் ஆள் எந்த நாளில் வந்தாலும் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்