சேலையைப் பிடித்த கை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பங்குனியில் தொடங்கிய பாரதக் கூத்து இன்னும் ஓயவில்லை, அதனால்தான் பதில் போடத் தாமதம். செய்யாறு பக்கம் ஒரு ஊர் முடிந்தால் வந்தவாசி பக்கம் அடுத்த ஊர். விடிய விடிய ஆடிவிட்டுப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தூங்கி எழுந்தால் மறுபடியும் அரிதாரம். வீட்டில் எல்லோரும் நலம். பெரியவளுக்குத் தை மாதம் பையன் பிறந்திருக்கிறான். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம், சபையில் திரௌபதியின் சேலையை உரிகிற துகில் கூத்தில் நான் துச்சாதனன் இல்லை. திரௌபதி.

நீ நம் கூத்து ஜமாவை விட்டுப் போனபின் உன் திரௌபதி வேஷத்துக்கு வந்தவருக்கு மாசியில் தொண்டை கட்டிக்கொண்டது. அது சரியாகவே இல்லை. ஊரில் தாம்பூலம் வாங்கியாகிவிட்டது. வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "பதினாறு வருஷம் எதிரில் நின்றவன் நீ, உனக்குத் தெரியாத பாட்டா?" என்றார். பாட்டு தெரியும்தான். மறுக்க வாய் வரவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை.

துச்சாதனனைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். எனக்குக் கிடைத்த வேஷங்களிலேயே பெரியது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். கத்துவதும் சுழன்று சுழன்று ஆடுவதும் எல்லோருக்கும் வரும். சேலையைத் தொடுவதற்கு முன் அந்த இடத்தில் நிற்கிறோமே, அதுதான் கஷ்டம். கற்பூரம் ஏற்றியதும் நான் துச்சாதனன் இல்லை, வயிற்றுப்பாட்டுக்கு வேஷம் கட்டியவன் என்று அம்மனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது நடிப்பாக இருக்கக் கூடாது. கேட்டு முடித்த அடுத்த தாளத்திலேயே மறுபடியும் அந்தப் பாவியாக மாறிச் சேலையைப் பிடிக்க வேண்டும். அதுவும் பொய்யாக இருக்கக் கூடாது. எதிரே உட்கார்ந்திருக்கிற ஜனங்களுக்கு அது கதை இல்லை, அவர்கள் கும்பிடுகிற தெய்வத்தின் மேல் நான் கை வைக்கிறேன். எத்தனை பேருக்கு அந்த இடத்தில் மருள் வந்து நீயும் நானும் பாட்டை நிறுத்தியிருக்கிறோம்! ஒரு ஊரில் ஆட்டம் முடிந்து விடிகாலையில் ஒரு கிழவி சொம்புத் தண்ணீரோடு வந்து, பேசாமல் என் இரண்டு கையிலும் ஊற்றிக் கழுவிவிட்டுப் போனாளே, நினைவிருக்கிறதா? நான் வாங்கிய எந்த மாலையையும் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

ஆனால் மச்சான், திரௌபதி அதைவிடக் கடினம். இவ்வளவு வருஷம் உனக்கு எதிரில் நின்றும் எனக்கு அது தெரியவில்லை.

மர அணிகளைக் கட்டி ஆடுகிற கட்டை வேஷம் நம்மைத் தாங்கும். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றாலே உடம்பு பெரிதாகிவிடும். முகத்தில் பூசிய வண்ணமே பாதி வேலை செய்யும். திரௌபதிக்கு ஒரு சேலையும் தலையில் சவுரியும்தான். முதல் ஊரில் திரை விலகியபோது ஜனங்களுக்கு முன்னால் வெறும் முகத்தோடு நிற்பதுபோல் இருந்தது. நாற்பத்தாறு வயதில் என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்தக் கேள்வி இருக்கிறதே, தன்னைத் தோற்றுவிட்டு என்னை வைத்தாரா, என்னைத் தோற்றுவிட்டுத் தன்னை வைத்தாரா என்று சபையில் கேட்பது? நான் அதைக் கோபமாகக் கேட்டேன். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது ஊரிலும் அப்படியே கேட்டேன். மூன்றாவது ஊரில் சுதி கொஞ்சம் இறங்கி, குரல் எழும்பாமல், மெதுவாகத்தான் கேட்க முடிந்தது. முன்வரிசையில் பாயில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நீ எப்போதும் அந்த இடத்தில் குரலை இறக்குவாய். தொண்டையைக் காப்பாற்றிக்கொள்கிறாய் என்று நினைத்திருந்தேன். என்னை மன்னித்துவிடு. பதில் சொல்ல முடியாத சபைக்கு முன்னால் கத்த வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை.

அப்புறம் அந்தச் சேலை. இப்போது துச்சாதனன் கட்டுகிற பையனுக்கு இருபத்து நான்கு வயது, நல்ல குரல், நல்ல அடவு. முதல் இரவு அவன் முந்தானையைப் பிடித்து இழுத்தபோது என் முதுகு சில்லிட்டது. பதினாறு வருஷம் இதைத்தானே நான் உனக்குச் செய்திருக்கிறேன்! ஒரு வித்தியாசம் மட்டும் தெரிந்தது. அவன் கை நடுங்கவில்லை. என் கை நடுங்குவதை நான் மறைக்கப் பார்த்த காலத்தில் நீ சொன்னாய், மறைக்காதே, அந்த நடுக்கம் சேலை வழியாக எனக்கு வந்தால்தான் எனக்குப் பாட்டு வருகிறது என்று. அதையே அவனிடம் சொன்னேன். புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் போன வாரம் கற்பூரத்துக்கு முன்னால் அவன் அதிக நேரம் நின்றான்.

இந்தக் கலைக்கு இனி ஆள் வருமா என்று எழுதியிருந்தாய். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் ராஜகோபால் வாத்தியாரின் குருகுலம் 2002-இல் தொடங்கி 2020-இல் மூடியதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அங்கே பெண்பிள்ளைகளும் படித்து, கட்டை கட்டி ஆண் வேஷம் ஆட வந்துவிட்டார்கள். நாம் சேலை கட்டுகிறோம், அவர்கள் கிரீடம் வைக்கிறார்கள். வேஷம் யாரைத் தேடி வருகிறதோ அவர் கட்ட வேண்டியதுதான். இந்த வருஷம் எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

வைகாசிக் கடைசியில் உன் அத்தை ஊரில் பாரதம் வைத்திருக்கிறார்கள். துரியோதனன் சாகிற படுகளத்தன்று திரௌபதி கூந்தலை அள்ளி முடிந்துகொள்கிறவரை என்னைத்தான் ஆடச் சொல்லியிருக்கிறார்கள். ஜமாவில் இருக்கிற சவுரி தோளுக்குக் கீழே வரமாட்டேன் என்கிறது. விரித்த கூந்தலோடு இத்தனை இரவு நடந்தவளுக்கு அது போதாது. உன்னுடையது இடுப்பு வரைக்கும் வருமே, தகரப் பெட்டியில் வைத்திருந்தாயே, அது இன்னும் இருக்கிறதா? இருந்தால் எடுத்துக்கொண்டு வா. நீயே என் தலையில் கட்டிவிட வேண்டும்.

அன்புடன்,
உன் துச்சாதனன்