புகைபோக்கி வழியாகப் பற்றவைத்த எஞ்சின்

லீட்ஸ்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏறாதே என்று தங்கச்சி சொன்னால் கேள். எனக்கு இங்கே மகள் வீட்டில் ஒரு குறையும் இல்லை, குளிரைத் தவிர. ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

போன வாரம் யார்க் ரயில்வே மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். 1938-ல் மணிக்கு 126 மைல் ஓடிய மல்லார்ட் எஞ்சின் அங்கேதான் நிற்கிறது. பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பாய்லர் ஜில்லென்று கிடக்கிறது. எனக்கு ஒட்டவில்லை. அதை என் முகத்தில் பார்த்துவிட்டோ என்னவோ, நேற்று மகள் தெருக்கோடி வீட்டுக்காரரிடம் அழைத்துப் போனாள். ரிட்டயர் ஆன வாத்தியார். தோட்டத்தைச் சுற்றிச் சொந்தக் கையால் தண்டவாளம் போட்டு, நிஜ நீராவி எஞ்சின் ஓட்டுகிறார்.

பொம்மை என்று நினைத்துத்தான் போனேன். மனுஷன் முழங்கால் போட்டு, தண்டவாளத்தில் ரசமட்டத்தை வைத்துக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் மண் உறைந்து உப்புகிறதாம், வருஷா வருஷம் லெவல் போய்விடுகிறதாம். ஜல்லியை இடித்து நிமிர்த்தினார். நத்தைகளைப் பொறுக்கி அந்தப் பக்கம் விட்டார். நம் கேங்மேன்கள் பார்த்தால் கூடவே உட்கார்ந்துவிடுவார்கள்.

எஞ்சின் என் முழங்கை நீளம்தான். டார்ஜிலிங் மாதிரி இரண்டடிப் பாதை வண்டிகளை, ஓர் அடிக்கு 16 மில்லிமீட்டர் என்று சுருக்கினால் 32 மில்லிமீட்டர் பாதை வருகிறது. முதலில் எண்ணெய், அப்புறம் தண்ணீர், கடைசியில் பியூட்டேன் கேஸ். குழாய்த் தண்ணீர் ஊற்றமாட்டாராம், பாய்லரில் உப்புப் படியும் என்று. விழுப்புரம் ஷெட்டில் பாய்லரைக் கழுவும் வாஷ்அவுட்டில் நாம் சுரண்டிய சுரண்டலைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்.

பற்றவைப்பதைத்தான் நீ பார்த்திருக்கவேண்டும். லைட்டரைப் புகைபோக்கி வாயில் காட்டி கேஸைத் திறந்தார். டப்பென்று தீ குழாய்க்குள் இறங்கி அடியில் பர்னரில் உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷம் நெருப்புப் பெட்டியில் கரி தள்ளினவனுக்கு, புகைபோக்கி வழியாகத் தீ மூட்டுகிறவனைப் பார்த்தால் எப்படி இருக்கும்! ஐந்தாறு நிமிஷத்தில் பிரஷர் 40 பவுண்டு. நம் பழைய மீட்டர் கேஜ் எஞ்சின் ஒய்பிக்கு 210.

நீராவியை விடுகிற ரெகுலேட்டரைத் திறந்ததும் ஓடவில்லை. சிலிண்டருக்குள் நீராவி குளிர்ந்து தண்ணீராகி நின்றது. அந்தத் தண்ணீரை வெளியே விடுகிற சிலிண்டர் காக் இல்லாததால், கையால் முன்னும் பின்னும் தள்ளினார். புகைபோக்கியிலிருந்து சுடுதண்ணீர் துப்பியது, என் ஸ்வெட்டரில் எண்ணெய்ப் பொட்டு. அந்த வாசனை, மாப்ளே! சூடான சிலிண்டர் எண்ணெய். மகள் மூக்கைப் பிடித்தாள், நான் கிட்டப் போனேன்.

அடுத்த சுற்று ஓட்டச் சொன்னார். நடந்ததை வேறு யாரிடமும் சொல்லாதே. ஏற்றத்தில் முக்குகிறதே என்று ரெகுலேட்டரைக் கொஞ்சம் கூடவே திறந்துவிட்டேன். ரிமோட் எல்லாம் கிடையாது. கைவிட்டால் விட்டதுதான். மேடு தாண்டி இறக்கத்தில் பிடித்த ஓட்டத்தில் வளைவில் புரண்டு, லாவெண்டர் செடிக்குள் சாய்ந்து, சக்கரம் மட்டும் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. சர்வீஸ் முழுக்க ஒரு வண்டியைத் தடம் இறக்காதவன் நான்! அவர் நிதானமாக கேஸை மூடி, தூக்கி வைத்து, இருபது நிமிஷத்துக்குப் போதுமான தண்ணீர் இருக்கிறது, இன்னொரு தரம் ஓட்டுங்கள் என்றார். இரண்டாவது தரம் இறக்கத்துக்கு முன்னாடியே போய் நின்று, விரல் நுனியால் மூடினேன். ஒழுங்காக வந்தது.

டீ குடிக்கும்போது ஒன்று சொன்னார். அதே பாதையில் 45 மில்லிமீட்டர் அகலமும் வரும்படி, பக்கத்தில் மூன்றாவது தண்டவாளம் ஒன்றும் போட்டிருக்கிறார். 22.5-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அது நம் மீட்டர் கேஜ். அதில் ஓட்ட ஓர் இந்திய எஞ்சின் செய்ய ஆசையாம், ஒய்பி படம் இருக்கிறதா என்று கேட்டார். உன்னிடம் இருக்கிறது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பரணில் அந்தத் தகரப் பெட்டியில்தானே வைத்தாய்? நீ ஏறாதே, பேரனை ஏறச் சொல்லு. டிரைவர் நிற்கிற கேப் பக்கம் தெளிவாகத் தெரிகிற படமாகப் பார்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய ஃபயர்மேன்