செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: வார்டில் தெரிந்தது ஏட்டில் ஏற

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, உறுப்பு மருத்துவமனைகளின் மருத்துவர்களே, செவிலியர்களே, மருந்தாளுநர்களே, பதிவறை ஊழியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இந்த ஆண்டு சங்கத்தின் மாதக் கூட்டங்கள் ஒரே விஷயத்துக்கு ஒதுக்கப்பட்டன. நம் சிறு மருத்துவமனைகளில் சிகிச்சை அறிவு யாரிடம் இருக்கிறது, அவர் போய்விட்டால் அது என்ன ஆகிறது என்பதே அது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சிகிச்சை நெறிமுறைக் கோப்பு இல்லாத மருத்துவமனை நம்மில் அநேகமாக இல்லை. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். ஆய்வுக்குத் தயாரித்த தடித்த கோப்பு அலுவலக அலமாரியில் பூட்டியிருக்கும். இரவு இரண்டு மணிக்கு வார்டில் நிற்கும் சிஸ்டர் அதைத் தேடுவதில்லை, மூத்த சிஸ்டரைத்தான் கேட்பார். அந்த மூத்தவர் எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் அரசு வேலை கிடைத்தோ, வளைகுடாவுக்கோ போய்விட்டால் அவரோடு வார்டின் பாதி அறிவும் போய்விடும். பயிற்சி வகுப்பு நடத்துவது மட்டும் இதற்குத் தீர்வாகாது. வகுப்பில் உட்கார்ந்தவரும் அடுத்த ஆண்டு இருக்கமாட்டார்.

எனவே ஒருபக்கத் தாள் முறையை எடுத்துக்கொண்டோம். ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும், வேலை நடக்கும் இடத்திலேயே ஒட்ட வேண்டும். அடியில் தேதி, பொறுப்பாளரின் பதவி, மறுபரிசீலனைத் தேதி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பொறுப்பாளர் இல்லாத தாள் ஓராண்டில் சுவர் அலங்காரமாகிவிடும். புதுத் தாள் ஒட்டும்போது பழையதைக் கிழித்தாக வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால் எதுவுமே இல்லாததைவிட ஆபத்து.

முதல் தாள் லேபர் வார்டில் வலிப்புக்குத் தரும் மக்னீசியம் சல்பேட் ஊசி மருந்து. வலிப்பு வந்த தாய்க்கு அந்த நிமிடத்தில் கணக்குப் போட முடியாது என்பதால் தாளில் கிராம் மட்டும் எழுதாமல் ஆம்பூல் (ஊசி மருந்தின் சிறு கண்ணாடிக் குப்பி) எண்ணிக்கையையும் எழுதினோம். 50 சதவீத ஆம்பூல் 2 மில்லியில் 1 கிராம் உள்ளது. 4 ஆம்பூல், அதாவது 8 மில்லி எடுத்து, 12 மில்லி நார்மல் சலைன் சேர்த்தால் 20 மில்லி. அதைக் குறைந்தது 5 நிமிடம் எடுத்து மெதுவாகச் சிரை வழியாகச் செலுத்த வேண்டும். பின் இரு பிட்டங்களிலும் தசையில் ஆழமாகத் தலா 5 ஆம்பூல். மொத்தம் 14 கிராம். ஆகவே டிரேயில் எப்போதும் 14 ஆம்பூல் இருக்க வேண்டும், ஷிப்ட் மாறும்போது எண்ணிக் கையெழுத்திட வேண்டும். 4 மணி நேரத்துக்கொரு முறை தரும் 5 கிராமுக்கு முன் முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். மக்னீசியம் அதிகமானால் அதை முறிக்கும் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி அதே டிரேயில் இருக்க வேண்டும், பார்மசியில் அல்ல. கொள்முதலில் வேறு செறிவுள்ள ஆம்பூல் வந்தால் இந்தக் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். அதனால் செறிவு மாறினால் ஸ்டோர் ஊழியர் லேபர் வார்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வரியையும் சேர்த்தோம். அந்த வரிதான் தாளிலேயே முக்கியமானது என்பது செயற்குழுவின் கருத்து.

இரண்டாவது தாள் பாம்புக்கடி. விஷம் இரத்தம் உறைவதைக் கெடுத்துவிட்டதா என்று காட்டும் 20 நிமிட இரத்த உறைவுச் சோதனை மிக எளிது, கெடுவதும் எளிது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கூடாது, ஏனெனில் கண்ணாடிப் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது. சோப்புப் பொடியில் கழுவிய குழாயும் கூடாது. இரண்டிலும் நல்ல இரத்தமே உறையாதது போலத் தெரிந்து, தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏறும். கட்டுவிரியன், நல்லபாம்புக் கடியில் விஷம் நரம்பைத் தாக்கும், இரத்தம் ஒழுங்காக உறைந்துவிடும். ஆகவே உறைந்தது என்பதற்காக வீட்டுக்கு அனுப்பாமல் இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தைக்கும் பெரியவருக்கும் விஷமுறிவு அளவு ஒன்றே, ஏனெனில் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. இவை எல்லாம் அனுபவமுள்ள ஆய்வக நுட்பருக்குத் தெரிந்தவைதான். எழுதியிருக்கவில்லை, அவ்வளவே.

மருந்துப் பிழைகளில் இன்சுலின் தனித்து நிற்கிறது. நம் ஊரில் இன்சுலின் வயல் (ரப்பர் மூடிக் குப்பி) மில்லிக்கு 40 யூனிட், பேனாக் குப்பி 100 யூனிட். 40 வயலுக்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு போய்ச் சேரும். மாற்றி எடுத்தால் பாதிகூடப் போகாது. யூனிட் என்பதை U என்ற ஒற்றை ஆங்கில எழுத்தாக எழுதுவதையும் நிறுத்தச் சொன்னோம், அது பூஜ்ஜியமாகப் படிக்கப்படுகிறது. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை ஊசிக்கான நீர் ஆம்பூலோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது, தனிப் பெட்டி, தனிச் சாவி. நீர்க்காமல் நேராகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்பதை அந்தப் பெட்டியின் மேலேயே எழுத வேண்டும்.

நடக்க இருந்து கடைசி நேரத்தில் தப்பிய பிழைகளை எழுதும் பதிவேடு இந்த ஆண்டு எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. ஏடுகள் வாங்கி எல்லா வார்டிலும் வைத்தார்கள், பக்கங்கள் வெள்ளையாகவே இருந்தன. காரணம் எல்லோருக்கும் தெரியும். எழுதினால் மெமோ வரும் என்ற பயம். கேரளத்தில் மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் தாய் மரணங்களை ரகசியமாக ஆராய்ந்து வருகிறது. பிரிட்டனில் 1952-லேயே இத்தகைய விசாரணை தொடங்கிவிட்டது. இரண்டிலும் பெயரும் மருத்துவமனையும் நீக்கப்பட்ட பிறகே தாள் ஆய்வாளர் கைக்குப் போகும். நாமும் பெயர்க் கட்டத்தை அடித்துவிட்டு, என்ன நடக்க இருந்தது, எது தடுத்தது, எந்தப் பொருள் அல்லது எந்த இடம் குழப்பியது என்ற மூன்று கேள்விகளை மட்டும் வைத்தோம். ஏட்டுக்குப் பதில் பூட்டிய பெட்டி. அதன் சாவி நர்சிங் கண்காணிப்பாளரிடம் இருக்கக் கூடாது, அவர்தான் மெமோ கொடுப்பவர். மருந்தின் பக்கவிளைவு என்றால் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அனுப்பலாம், இலவச எண் 1800-180-3024.

அறுவை அரங்கின் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் பற்றிச் சுருக்கமாக. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட 19 அம்சப் பட்டியல் இது. புது டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. நம்மிடம் அந்தத் தாள் எல்லாக் கேஸ் ஷீட்டிலும் இருக்கிறது, பல இடங்களில் அறுவை முடிந்தபின் ஒரே பேனாவால் ஒரே மூச்சில் டிக் அடிக்கப்பட்டிருக்கிறது. வாய்விட்டு வாசிக்காத பட்டியலால் பயனில்லை.

ஷிப்ட் ஒப்படைப்பைப் படுக்கை ஓரத்தில் செய்யும்படி கேட்டுக்கொண்டோம். இப்போது என்ன பிரச்சினை, எதற்காகச் சேர்ந்தார், இப்போது எப்படி இருக்கிறார், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் போதும். இதில் நழுவுவது பெரும்பாலும் வராத பரிசோதனை முடிவுதான். கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார், முடிவு பதிவறையில் பழைய கேஸ் ஷீட்டில் செருகப்படும், அவர் வீட்டில் வேலை செய்யாத மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பார். ஆய்வகத்தில் நிலுவை ஏடு ஒன்று, அதில் நோயாளியின் அலைபேசி எண், முடிவைச் சொல்ல வேண்டிய மருத்துவர், சொன்ன நேரம். இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் நிறுத்திய மருந்துகளுக்குத் தனிக் கட்டம் தேவை, தமிழில். புதிய மாத்திரையைச் சொல்லிவிட்டுப் பழையதை நிறுத்தச் சொல்லாததால் ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயரில் உள்ளே போகிறது. பதிவேடுகளை 3 ஆண்டு பாதுகாப்பதும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தருவதும் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி கட்டாயம் என்பதைப் பதிவறை ஊழியர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

வாட்ஸ்அப் குழு பற்றிக் காரசாரமான விவாதம் நடந்தது. அவசரத்துக்கு அது உதவுகிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் போன மாதத்துச் செய்தியில் இருக்கும் அளவும் இந்த மாதத்து அளவும் அங்கே ஒரே மாதிரி மின்னும், எது செல்லுபடி என்று யாருக்கும் தெரியாது. நோயாளியின் முகமும் பெயரும் தெரியும் கேஸ் ஷீட் படங்களோ 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வம்பை விலைக்கு வாங்குவதாகும். குழுவில் கேள்வி கேட்கலாம், பதில் ஒருபக்கத் தாளில் ஏற வேண்டும் என்று முடிவானது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று தாள்களை முன்மொழிகிறது: பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு, ஒவ்வாமை அதிர்ச்சிக்கு அட்ரினலின், பச்சிளங்குழந்தை உயிர்ப்பிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவரும், இரவுப் பணி பார்க்கும் ஒரு செவிலியரும் சேர்ந்தே வரைவு எழுத வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். பழைய தாள்களின் மறுபரிசீலனைத் தேதி ஜூன் மாதத்தில் வருகிறது, பொறுப்பாளர்கள் திருத்தங்களை மே இறுதிக்குள் அனுப்பிவிட வேண்டுகிறேன். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்