ஆயா குனிந்த இடம்

சைதாப்பேட்டை,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தங்கச்சிக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? படி ஏறாமல் இருக்கச் சொல். மாடியில் காயப்போட்ட மிளகாயை நீயே போய் எடுத்து வா. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற வீட்டுச் செய்திகளைப் போனில் பேசிக்கொள்வோம். இப்போது எழுதப்போவது போனில் பேசினால் சரியாக வராது என்று தோன்றியது.

வாரத்தில் இரண்டு நாள் காட்சித் தொடர்பியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவு சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அங்கே கடைசி வருஷத்தில் ஆறு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தார்கள். பன்னிரண்டு நிமிடம். தலைப்பு இன்னும் முடிவாகவில்லை. சொந்த ஊர், நினைவு, வேர், இதுதான் விஷயம்.

முதலில் அவர்கள் எழுதிக்கொண்டு வந்த கதை இப்படி: வெளிநாட்டிலிருந்து ஒருவன் பத்து வருஷம் கழித்து கிராமத்துக்குத் திரும்புகிறான். ட்ரோன் மேலே ஏறுகிறது, தென்னந்தோப்பு, குளம், பூட்டிய ஓட்டு வீடு, பின்னால் வயலின். காஞ்சிபுரம் பக்கம் ஒரு கிராமத்தைப் பார்த்து முன்பணம்கூடக் கொடுத்துவிட்டார்கள். "இதில் யாருக்குப்பா அது ஊர்?" என்று கேட்டேன். யாருக்கும் இல்லை. "ஊர் மாதிரி இருக்கு சார்" என்றான் கேமரா பையன். அவன் மேல் தப்பில்லை. இத்தனை வருஷமாக நாம் அவர்களுக்குக் காட்டிய ஊர் அப்படித்தானே இருந்தது?

சரி, கதையை வைத்துவிட்டு ஆளுக்கு ஐந்து நிமிடம் அவரவர் ஊரைப் பற்றிப் பேசுங்கள் என்றேன். கோவில்பட்டிப் பையன் ஒருவன், தீப்பெட்டி ஆபீஸ் வாசனையைப் பற்றி நன்றாகச் சொன்னான். இன்னொருவன் பொங்கலுக்கு முந்தின ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ்சுக்கு நின்றதைச் சொன்னான். ஒரு பெண் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குச் செய்யாறு என்று மற்றவர்கள் சொன்னார்கள். சாயந்திரம் எல்லோரும் போன பிறகு வந்து நின்றாள். "சார், நான் செய்யாறு இல்லை. தாத்தாவோட அப்பா அங்கேர்ந்து வந்தாராம். நான் பொறந்தது சிந்தாதிரிப்பேட்டை, கூவம் ஓரம். அதைச் சொன்னா ஒரு மாதிரி பாக்கறாங்க. அதான்."

இரண்டு வருஷம் அந்தப் பொண்ணு வகுப்பில் வேறு ஒரு ஊரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், மாப்ளே. சென்னையில் ஒருத்தர் "எனக்குச் சென்னைதான்" என்று சொன்னால் நாம் விடமாட்டோம். "அது சரி, சொந்த ஊர் எது?" என்று மறுபடி கேட்போம். நானே எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்! இந்த நகரத்தை யாருக்கும் ஊராக இருக்க நாம் விட்டதில்லை.

2015 டிசம்பர் வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ போன் போட்டுப் போட்டுக் கிடைக்காமல் தவித்தாயே. அதற்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி, வரிசை வரிசையாகக் கட்டடம். பழைய இடத்திலிருந்து 25 கிலோமீட்டர் இருக்கும். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய ஆயா சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுக்கிறவர். விடிவதற்குள் போனால்தான் அந்த வேலை. அங்கிருந்து எப்படி வந்து சேருவது? விட்டுவிட்டார்.

கதையை மாற்றினார்கள். முன்பணம் போனது போனதுதான். ஆயாவிடம் பேசுவதற்குப் பெரும்பாக்கம் போனோம். நான் ஒலிக்காகக் கூடப் போனேன். நாலாவது மாடி. சின்ன மைக்கைப் புடவையில் குத்தும்போது, "இது என்னாத்துக்கு, நான் மெதுவா பேசற ஆளா?" என்று கேட்டார். உண்மைதான், மீன் மார்க்கெட் குரல், மீட்டர் சிவப்புக்குப் போய்விட்டது. பேச்சு முடிந்ததும் வழக்கம்போல எல்லோரையும் ஒரு நிமிடம் சும்மா இருக்கச் சொல்லி அறையின் ஒலியைத் தனியாக எடுத்தேன். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டும் என்று உனக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில் ஆயா சும்மா இருக்கவில்லை. "பாத்தியா, எவ்ளோ கம்முனு கீது? இதான் எனக்குத் தூக்கமே வரல" என்றார்.

அவர்கள் பழைய வீடு பறக்கும் ரயில் பாதைக்குப் பக்கத்தில். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை அந்த ரயில் 1995-ல் ஓட ஆரம்பித்தது. இருபது வருஷத்துக்கு மேல் அதன் கீழேயே வாழ்ந்தவர். "கடைசி ரயிலு போனாத்தான் படுப்பேன். மொத ரயிலு வந்தா எந்திரிப்பேன். இங்க எப்போ படுக்கறது, எப்போ எந்திரிக்கறதுன்னே தெரியல." முப்பது வருஷம் ஒலி பிடித்தவன் நான். ஷூட்டிங் நடுவில் ரயில் வந்தால் எரிச்சலோடு ஹெட்போனைக் கழற்றி வைப்பேன். ஒருத்தருக்கு அதே சத்தம் வீட்டுச் சுவர் மாதிரி இருந்திருக்கிறது. இது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

அடுத்த வாரம் அவரைப் பழைய இடத்துக்கு அழைத்துப் போனோம். இப்போது அங்கே ஒன்றும் இல்லை. வேலி போட்டுச் செடி வைத்திருக்கிறார்கள். ஆயா வேலிக்கு இந்தப் பக்கம் நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு வந்தார். இங்கே அடிபம்பு. இங்கே இட்லிக்காரம்மா. இது கேரம் ஆடுற பசங்க உட்காருகிற திட்டு. வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு, ஒரு தெருவில் போவது போலவே நடந்தார். ஓரிடத்தில் வலதுபக்கம் திரும்பினார், நேராகப் போக இடம் இருந்தும். கேமரா பையன் பின்னாலேயே ஓடி எடுத்தான். வெயில் ஏறிவிட்டது, ஆயாவுக்கு மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். அன்றைக்கு எங்களில் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் அந்தப் பெண் பார்த்தாள். "சார், ஒரு நிமிஷம் பின்னாடி போங்க." ஆயா நடந்து வருகிறார். வலதுபக்கம் திரும்புகிறார். இரண்டு அடி வைக்கிறார். தலையைக் குனிந்துகொள்கிறார். ஒரு கையால் முந்தானையைத் தலைக்கு மேல் லேசாகத் தூக்குகிறார். அடுத்த அடியில் நிமிர்ந்துகொள்கிறார். மேலே ஒன்றுமே இல்லை, வானம்தான். நாங்கள் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தோம். அவள் சொன்னாள்: "அங்க பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் நீட்டிக்கினு இருக்கும் சார். சின்ன வயசுல எனக்கு நெத்தியில அடிபட்டிருக்கு." முடியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினாள்.

வீட்டையே இடித்து இத்தனை வருஷம் ஆன பிறகும் அந்தக் கூரைக்கு ஆயா குனிகிறார்.

டைரக்டர் பையன் துடித்துப்போய், மறுநாளே ஆயாவைக் கூட்டிப் போய் குளோசப்பில் எடுக்கலாம் என்றான். எடுத்தார்கள், நான் தடுக்கவில்லை. ஆயா ஒத்துழைத்தார், குனிந்தார், மூன்று டேக். மூன்றும் பொய்யாக இருந்தது. "நான் எப்போடா குனிஞ்சேன்?" என்று அவர் கேட்டதுதான் உண்மை. தான் குனிந்தது அவருக்கே தெரியாது. முதல் நாள் எடுத்த ஆடுகிற வைட் ஷாட்தான் படத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நாலு விநாடி. போகஸ்கூட கொஞ்சம் தளர்ந்திருக்கும். இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொன்னேன், உனக்கும் பிடிக்கும். 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்கப்புறம் அவருக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. சற்று முன் பேசியவரையே அடையாளம் தெரியாது. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தை வரையச் சொன்னார். ஒவ்வொரு நாளும், இதை நான் செய்ததே இல்லை என்றுதான் மோலைசன் சொல்வாராம். கையோ நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. பெயரும் தேதியும் தங்குகிற இடம் ஒன்று, கைகாலின் பழக்கம் தங்குகிற இடம் வேறொன்று என்று அப்புறம் கண்டுகொண்டார்கள். ஊரைப் பற்றி ஒருவரிடம் கேள்வி கேட்டால் முதல் இடத்திலிருந்துதான் பதில் வரும். இரண்டாவது இடத்தில் இருப்பதைக் கேட்டுவாங்க முடியாது. கூடவே நடந்து போய்க் காத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அன்று ராத்திரி பஸ்சில் வரும்போதுதான் எனக்கு அம்மாயி ஞாபகம் வந்தது. நீயும் கூட இருந்தாய், மாப்ளே. நமக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும். மேட்டூர் அணைத் தண்ணீரில் பண்ணவாடித் துறையிலிருந்து பரிசலில் நாகமரைக்குப் போனோம், ஏதோ கல்யாணம். தண்ணீர் நிறைய இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அம்மாயி செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பரிசல்காரர் ஏன் என்று கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. நனைந்துவிடும் என்று கழற்றியதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வருஷமாக அப்படித்தான் நினைத்தேன்! கீழே ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறது. 1934-ல் அணை கட்டி முடித்துத் தண்ணீர் தேங்கியபோது அம்மாயிக்குப் பன்னிரண்டு வயது. சாமியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனோம், நந்தியை விட்டுவிட்டோம் என்று சொல்வார். கோயிலுக்கு மேலே போகும்போது செருப்புக் காலோடு எப்படி இருப்பது?

2024 கோடையில் அணை வற்றி நந்தி முழுசாக வெளியே நின்றபோது நீ படம் அனுப்பினாய். பக்கத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. "வந்து பார்த்துட்டுப் போ" என்று எழுதினாய். ஒரு வேலை இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். ஜூலை முடிவதற்குள் 120 அடியும் நிரம்பிவிட்டது. வராமல் இருந்தது தப்பு. இப்போது அது மனதை உறுத்துகிறது.

உன்னிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். அம்மாவுக்கு இந்தத் தையோடு எண்பத்தெட்டு முடிகிறது. தண்ணீர் வந்த பிறகு பிறந்தவர்தான், ஆனால் அவருடைய அம்மா சொல்லி முழுகின ஊரின் தெருக்களை வரிசையாகச் சொல்வாரே. கேள்வி கேட்டு வாங்காதே. ஒரு நாள் காலை வெயில் ஏறுமுன் துறைக்கு அழைத்துப் போய் உட்கார வை. அவராகப் பேசட்டும். போனில் பதிவு செய். விமானம் படம் போட்ட பொத்தானை அமுக்கிவிடு, இல்லாவிட்டால் நடுவில் யாராவது கூப்பிட்டுக் கெடுப்பார்கள். போனை உன் துண்டில் ஒரு சுற்றுச் சுற்றி மடியில் வை. காற்றுச் சத்தம் விழாது. அம்மா பேசி முடித்த பிறகும் நிறுத்திவிடாதே, ஐந்து நிமிடம் தண்ணீர் சத்தம் மட்டும் எனக்கு வேண்டும். அதற்குள் பரிசல் வந்தால் இன்னும் நல்லது. படத்துக்கு இல்லை, எனக்கு.

படம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கடைசிக் காட்சியில் பெரும்பாக்கத்து வீட்டில் ஆயா இருட்டில் படுத்திருப்பார், மேலே ரயில் போகும் சத்தம். அதற்காக அந்தப் பெண்ணும் கோவில்பட்டிப் பையனும் விடியற்காலையில் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தடியில் போய் முதல் ரயிலைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தூண் அதிர்வதுவரை விழுந்திருக்கிறது. பதிவு சுத்தமாக இருந்தது, நான் ஒன்றும் செய்யவில்லை. வயலின் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். படத்தில் "சொந்த ஊர்: சிந்தாதிரிப்பேட்டை" என்று தன் பேரோடு போட்டிருக்கிறாள். சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் அந்தப் பேராயிற்று, 1734-ல் வெளியூர்களிலிருந்து நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம் என்று சொன்னேன். "அப்ப எல்லாருமே வந்தவங்கதானா சார்?" என்று சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை கல்லூரியில் திரையிடுகிறார்கள். ஆயாவை அழைத்துவர வண்டி சொல்லியிருக்கிறேன். மதியமே வந்துவிட வேண்டுமாம், போகும் வழியில் மார்க்கெட்டில் இறங்கிச் சங்கரா வாங்கணும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

தங்கச்சிக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

உன் மாப்பிள்ளை.