எல்லாம் ஓடும்போதே ஒருமுறை பார்த்துவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

கம்ப்யூட்டர் பார்க்கிற பையன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து எல்லாவற்றையும் பார்த்து எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்கு, "எல்லாம் நல்லாத்தானே ஓடுது, எதுக்குத் தண்டச் செலவு" என்று அனுப்பிவிட்டதாக நேற்று போனில் சொன்னாய். மருமகப்பிள்ளை பக்கத்தில் இருந்தார், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அதான் எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது என்று பாதியில் விட்டுவிடாதே, பனியன் கம்பெனி உன்னுடையது என்றாலும் கணக்கு எழுதிப் பழகியது என்னிடம்தான்.

நன்றாக ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். நின்ற பிறகு வருகிறவன் நின்றதை மட்டும் ஓட வைத்துவிட்டுப் போவான். அன்றைக்கு உனக்கும் மற்றதைப் பார்க்கப் பொறுமை இருக்காது, ஆர்டர் போக வேண்டும், கேட்ட காசைக் கொடுத்து அனுப்பிவிடுவாய்.

இதில் பெரும்பாலும் எல்லாரும் மெஷினைத்தான் நினைக்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது எது யார் பேரில் இருக்கிறது என்பதை. இங்கே வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜுகளில் வங்காளத்தில் இருந்தும் வங்கதேசத்தில் இருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்குவது உனக்குத் தெரியும். வெளிநாட்டுக்காரர் வந்து இறங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசாங்கத்துக்கு ஆன்லைனில் போட்டாக வேண்டும். நம் லாட்ஜுக்கு நாலு வீடு தள்ளி இன்னொரு லாட்ஜில் அதை மேனேஜர் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார், லாகின் முழுக்க அவருடைய சொந்த ஈமெயிலில். சம்பளத் தகராறில் அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஒரு குடும்பம் வந்து இறங்குகிறது, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, மாற்றலாம் என்றால் அந்த மெயிலும் அவருக்கே போகிறது. ஓனர் நம் வாசலில் வந்து நின்று, "இன்னாக்கா பண்றது" என்று கேட்டார். கம்ப்யூட்டர் புத்தம் புதுசு, நெட் பறக்கிறது, ஒன்றுக்கும் உதவவில்லை. கடைசியில் போனவர் காலில் விழாத குறையாகத்தான் காரியம் நடந்தது.

உன் இடத்தில் இதை யோசித்துப் பார். 2025 ஏப்ரல் 1 முதல் லாரியில் சரக்கு அனுப்ப எடுக்கிற இ-வே பில் தளத்தில் சின்ன வியாபாரிகளுக்கும் பாஸ்வேர்டு மட்டும் போதாது, ஓடிபியும் வேண்டும். அந்த ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது? கணக்குப் பிள்ளை நம்பரைக் கொடுத்திருந்தாயானால், அவர் சொந்தக்காரக் கல்யாணத்தில் நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே இருக்கும்போது லாரி உன் வாசலில் நிற்கும். உன் வெப்சைட்டை வடிவமைத்த பையன் டொமைனை, அதாவது அந்த வெப்சைட் பேரை, யார் ஈமெயிலில் பதிந்தான்? கூகுள் மேப்பில் உன் கம்பெனி பேருக்கு யார் ஓனர்? வேலையை விட்டுப் போன பெண்ணின் போனில் கம்பெனி வாட்ஸாப் இன்னும் திறந்திருக்கிறதா? டிஜிட்டல் கையெழுத்து என்றைக்குக் காலாவதி? இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினால் ஒரு மத்தியானம் ஆகும். பாஸ்வேர்டை மட்டும் அதே நோட்டில் எழுதி மேஜை மேல் வைத்துவிடாதே, உன் அப்பா அப்படித்தான் செய்வார்.

அப்புறம் பேக்கப், அதாவது கணக்குக்கு எடுத்து வைக்கிற பிரதி. "தினமும் பென்டிரைவில் எடுக்கிறோம் அம்மா" என்பாய். அந்தப் பென்டிரைவ் நாள் முழுக்க சிபியுவிலேயே சொருகியிருந்தால் அது பேக்கப் இல்லை. ஃபைலை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ் வந்தால் கம்ப்யூட்டரோடு அதையும் சேர்த்தே பூட்டும். எடுத்ததும் கழற்று, ஒரு பிரதி கம்பெனிக்கு வெளியே இருக்கட்டும். இன்னொன்று, எடுத்தது திறக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? அந்தப் பையன் வரும்போது முதல் வேலையாக நீ கணக்கு எழுதுகிற டாலி சாஃப்ட்வேரின் பேக்கப்பை வேறு ஒரு கம்ப்யூட்டரில் திரும்ப ஏற்றச் சொல், டிரையல் பேலன்ஸில் பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்று நீ உட்கார்ந்து பார். உன் மெஷினில் அதே ஃபோல்டரில் செய்ய விடாதே, இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு உட்கார்ந்துவிடும். ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியில் இருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று அதிகாரியிடம் சொல்லிப் பார்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. உன் பில் போடுகிற கம்ப்யூட்டர் அதில்தானே ஓடுகிறது? மெஷின் நாளைக்கே நின்றுவிடாது, அதனால்தான் எல்லாரும் சும்மா இருக்கிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்க ஆட்டிவைத்ததே, அது நுழைந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே அப்டேட் கொடுத்துவிட்டது. மாட்டியவர்கள் பெரும்பாலும் அதைப் போடாதவர்கள்தான்.

யுபிஎஸ் பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வேலூர் வெயிலில் வளர்ந்தவள் நீ. சூடு ஏறினால் பேட்டரி ஆயுசு குறையும். மெயினை அணைத்துவிட்டு எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்று பார்த்துக் குறித்து வை, அவ்வளவுதான். சிபியு தரையில் இருந்தால் மேலே தூக்கி வை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்த பிறகு நான் இங்கே எதையும் தரையில் வைப்பதில்லை.

பார்க்க வருகிறவன் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் "சர்வர் மாத்தணும்க்கா" என்று ஆரம்பிக்கிறவனுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடு, அவன் விற்க வந்தவன். பார்ப்பதற்கு மட்டும் ஒரு கூலி பேசு. பார்த்ததை எழுதித் தரட்டும்: எது இப்போதே செய்ய வேண்டும், எது அடுத்த வருஷம் வரை தாங்கும், எதைத் தொடவே வேண்டாம். தொட வேண்டாம் என்று ஒன்றாவது எழுதாதவன் மேல் எனக்கு நம்பிக்கை வராது. வாங்க வேண்டியது இருந்தால் அதை வேறு கடையில் விலை கேள். அவன் பார்க்கும்போது நீ பக்கத்தில் இரு, இல்லாவிட்டால் எல்லாச் சாவியும் இப்போது அவனிடம் இருக்கும், கணக்குப் பிள்ளையிடம் இருந்ததற்குப் பதிலாக.

யாராவது ஏமாற்றிப் பணம் போய்விட்டால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே போன் செய்ய வேண்டும் என்று பேக்கிங் பெண்களுக்கும் சொல்லி வை. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் போடத் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்.

வேலை குறைகிற வாரமாகப் பார்த்து அந்தப் பையனையே திரும்பக் கூப்பிடு, கோபித்துக்கொள்ள மாட்டான். முன்பணம் நான் ஜிபேயில் போடுகிறேன், மருமகப்பிள்ளையிடம் அதைச் சொல்ல வேண்டாம். அவன் எழுதித் தருகிற பேப்பரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நம் லாட்ஜிலும் ஒரு பழைய மெஷின் இருக்கிறது, அதற்கு என்ன சொல்கிறான் என்று கேட்டு வை.

அம்மா