நடப்பது அப்புறம், புண் முதலில்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, 11 வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். 2018-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில், முதுகுத்தண்டில் மின்தூண்டல் தரும் மின்முனை பொருத்தி, கால்கள் செயலிழந்த மூன்று பேரை நடக்கவைத்த செய்தியை இன்னமும் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்ததை யாரும் சொல்வதில்லை.

என்னைக் காப்பாற்றுவது, புண் வராமலிருக்க அரை மணிக்கொரு தரம் கையூன்றி உடம்பைத் தூக்குவதும், நேரந்தவறாமல் டியூப் போட்டுச் சிறுநீர் எடுப்பதும்தான். இதைச் சொல்லித்தராமலே ஓர் ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பியது. இரண்டே மாதத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண்!

1954 விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையம் வந்தது. அப்படி மாவட்டத்துக்கு ஒன்று எப்போது வரும்?

- ஒரு வாசகர், தென்காசி மாவட்டம்