ஊசிமுனையில் ஒரு மழை

ஆசிரியருக்கு வணக்கம்.

டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் கை தளர்ந்துபோன என் தந்தைக்குச் சென்ற மாதம், தசையின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் ஈ.எம்.ஜி. பரிசோதனை நடந்தது. தசைக்குள் மெல்லிய ஊசியைச் செருகிவிட்டு, “லேசாக மடக்குங்கள் ஐயா” என்றார் மருத்துவர். கருவியிலிருந்து டப், டப் என்று ஓசை. இறுக்கி மடக்கியதும் தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல் ஆகிவிட்டது.

அந்த ஊசியின் கதையை உங்கள் அறிவியல் பக்கத்தில் எழுதலாமே! 1920களின் இறுதியில் ஆங்கிலேயரான எட்கர் ஏட்ரியனும் அமெரிக்கரான டெட்லெவ் பிராங்கும் கேம்பிரிட்ஜில் சேர்ந்து உருவாக்கியது அது. தசையின் மின்துடிப்பை அவர்களும் ஒலிபெருக்கியில்தான் கேட்டார்கள். ஒரு நரம்பிழையில் ஓடும் துடிப்பு பெரிதாவதில்லை. அதிக விசை வேண்டுமென்றால் துடிப்புகள் நெருக்கமாக வருகின்றன, கூடுதல் இழைகளும் வேலையில் இறங்குகின்றன. அன்று நாங்கள் கேட்ட மழை அதுதான்.

1932இல் மருத்துவ நோபல் பரிசு ஏட்ரியனுக்கும், நரம்புகளை ஆராய்ந்த மற்றோர் ஆங்கிலேயரான ஷெரிங்டனுக்கும் போனது. பிராங்குக்கு இல்லை. எனக்கென்னவோ அது உறுத்துகிறது. கட்டுரை வெளியிட்டால் அவருடைய படத்தையும் மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்.